கின்ட்சுகி முறையில் பீங்கான் ஒட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கின்ட்சுகியில் துண்டுகளை ஒட்டுவது தங்கமா?

கின்ட்சுகி என்பது உடைந்த பீங்கானை ஒட்டி, ஒட்டிய கோட்டைத் தங்கத்தால் காட்டும் ஜப்பானிய முறை. ஆனால் தங்கத்துக்கு ஒட்டும் வேலையே கிடையாது. ஒட்டுவது, இடைவெளியை நிரப்புவது, மேலே பூசுவது எல்லாமே உருஷி என்னும் மரப்பால்தான். ஜப்பானிலும் சீனாவிலும் வளரும் உருஷி மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கிறார்கள். ஒரு மரம் கீறும் பக்குவத்துக்கு வரப் பத்து முதல் பதினைந்து வருடம் ஆகும். ஒரு பருவம் முழுக்கக் கீறினாலும் ஒரு மரத்தில் சுமார் 200 மில்லிதான் கிடைக்கும். ஜப்பானில் இப்போதும் பெருமளவில் உருஷி வடிக்கும் இடம் இவாத்தே மாநிலத்து ஜோபோஜி. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது சீன உருஷி. பழகுவதற்கு அது தாராளமாகப் போதும்.

முடிந்த வேலையின் குறுக்குவெட்டைப் பார்த்தால் அடியில் மாவு கலந்த உருஷிப் பசை, அதன்மேல் கல்பொடிப் பட்டி, அதன்மேல் கருப்பு உருஷி, பிறகு காவி உருஷி, கடைசியில் முடியைவிட மெல்லிய தங்கத் தோல். அடியில் உள்ள மேடு பள்ளம் எல்லாம் தங்கத்தில் பளிச்சென்று தெரியும். அதனால் முக்கால்வாசி உழைப்பு தங்கம் வருவதற்கு முன்பே முடிந்துவிடும்.

உருஷி காய எவ்வளவு நேரம் ஆகும்?

பெயின்ட் காய்வதைப் போல உருஷி காய்வதில்லை. பச்சை உருஷியில் ஏறக்குறைய 60 முதல் 70 சதவீதம் உருஷியோல் என்ற எண்ணெய்ப் பொருள், மீதியில் பெரும்பகுதி நீர். கூடவே லாக்கேஸ் என்ற நொதியும் கொஞ்சம் இருக்கிறது. காற்றின் ஆக்சிஜனை வைத்து உருஷியோலை இறுக்குவது இந்த நொதிதான், அது வேலை செய்ய ஈரம் வேண்டும். 20 முதல் 30 டிகிரி வெப்பமும் 70 முதல் 85 சதவீத ஈரப்பதமும் இருந்தால் மெல்லிய பூச்சு ஒரே நாளில் தொடும் பதத்துக்கு வரும். வெயிலில் வைத்தாலோ ஹேர் டிரையர் காட்டினாலோ நொதிக்கு வேண்டிய ஈரத்தைத்தான் விரட்டுகிறீர்கள். ஏசி ஓடும் வறண்ட அறையில் வைத்துவிட்டு ‘ஒரு வாரமாகியும் பிசுபிசுக்கிறது’ என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

ஒன்று நினைவில் இருக்கட்டும்: தொட்டால் ஒட்டாத பதம் வேறு, உள்வரை இறுகுவது வேறு. இரண்டாவது நடக்க வாரங்கள் ஆகும்.

உருஷி பட்டால் தோல் வெந்துவிடும் என்கிறார்களே?

வேகாது; ஒவ்வாமை வரும், அதுவும் கடுமையாகவே வரலாம். மாமரம், முந்திரி, சேராங்கொட்டை இருக்கும் அதே தாவரக் குடும்பம்தான் உருஷி மரத்துக்கும். சேராங்கொட்டைப் பால் பட்டோ, முந்திரிக் கொட்டையின் ஓட்டெண்ணெய் பட்டோ, மாங்காய்ப் பால் பட்டோ தோல் பொரிந்த அனுபவம் உள்ளவர்களுக்கு உருஷியும் அதையே செய்ய வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்கள் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

பட்ட உடனே ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துத்தான் அரிப்பும் கொப்புளமும் கிளம்பும், இரண்டு மூன்று வாரம் படுத்தும். முகம், கண்ணிமை, மணிக்கட்டின் உட்பக்கம் ஆகிய இடங்களில் சீக்கிரம் வரும், ஏனென்றால் கையுறையோடு முகத்தைத் தொடும் பழக்கம் யாரையும் விடாது. நைட்ரைல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். கையுறை கிழிந்தால் உடனே மாற்றுங்கள்.

தோலில் பட்டுவிட்டால் முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்தெடுங்கள், அதன்பிறகே சோப்பும் தண்ணீரும். டர்பன்டைனால் தோலைத் துடைக்க வேண்டாம், அதுவே எரிச்சல் தரும். கொப்புளம் பரவினாலோ முகம் வீங்கினாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். உருஷி பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார், சேராங்கொட்டை வகை மரப்பால் என்று சொன்னால் புரியும்.

எதில் தொடங்கலாம்? எதைத் தொடக் கூடாது?

மெருகு (மேலே சுட்டேற்றிய கண்ணாடிப் பூச்சு) போட்ட, வழவழப்பான, இரண்டு மூன்று துண்டாக மட்டும் உடைந்த சிறிய கோப்பையோ தட்டோ தொடங்க ஏற்றது. மெருகில்லாத மண்பாண்டத்தில் உருஷி ஊறினால் கறை போகாது. உடைவின் இருபக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொட வேண்டும். மெருகுக்கு மேல் தங்கக் கோடோ வண்ணப் பூவோ வரைந்த பாத்திரத்தில் உப்புத்தாள் பட்டால் அந்த ஓவியம் போய்விடும். கண்ணாடியிலும் மிக வழவழப்பான போர்சலைனிலும் உருஷி பற்றுவது கடினம். அடுப்பில் வைக்கும் சட்டி, தேநீர் கொதிக்க வைக்கும் கெண்டி ஆகியவற்றை இந்த முறையில் ஒட்டி மறுபடி அடுப்பேற்ற முடியாது.

வாங்க வேண்டியவை என்னென்ன?

உருஷியில் மூன்று வகை: கி-உருஷி எனப்படும் பச்சை உருஷி, கருப்பு உருஷி, பெங்கரா என்ற இரும்புக் காவி கலந்த சிவப்பு உருஷி. பச்சை உருஷி 50 கிராம், மற்ற இரண்டும் 10 கிராம் குழாய் இருந்தால் பல கோப்பைகளுக்கு வரும். தோனோகோ என்ற மிக நுண்ணிய கல்பொடி, சலித்த நுண் மரத்தூள், மைதா, தாவரப் பிசினிலிருந்து எடுத்த அசல் டர்பன்டைன், கலக்கக் கண்ணாடிப் பலகை, வளையும் மெல்லிய தகட்டுக் கரண்டி, மாஸ்கிங் டேப், 400 முதல் 1500 வரை எண்ணுள்ள தண்ணீர் உப்புத்தாள், சின்ன வைர அரம், கூரிய கத்தி. தூரிகைக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். உருஷியில் தங்க ஓவியம் தீட்டப் பயன்படும், நீண்ட முடியுள்ள மெல்லிய மாக்கியெ தூரிகை ஒன்று இல்லையென்றால் கடைசிக் கோடு கோணிக்கொண்டே போகும்.

தங்கம் கடைசியாக வாங்கினால் போதும். ஒரு சிறு கோப்பையில் ஒரு நீளக் கோட்டுக்கு 0.1 கிராம் கெஷி என்ற நுண்ணிய தங்கத் தூள் பெரும்பாலும் போதுமானது.

திறந்த குழாயைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நாளாக ஆக நொதியின் வலு குறையும். பழைய உருஷி இறுக அதிக நேரம் எடுக்கும்.

முரோ எப்படிச் செய்வது?

முரோ என்பது ஈரப் பெட்டி. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவோ அட்டைப் பெட்டியோ எடுத்து, அடியில் பிழிந்த ஈரத்துணி வைத்து, அதன்மேல் கம்பித் தட்டு, அதன்மேல் பாத்திரம். துணி பாத்திரத்தைத் தொடக் கூடாது, மூடியில் நீர் முத்து முத்தாகத் திரளக் கூடாது. ஈரப்பதம் காட்டும் மலிவான மானி ஒன்றை உள்ளே வைத்துவிடுங்கள். இதை ஊகத்தில் விடுவது வீண் வேலை. ஜப்பானில் ஜூன், ஜூலை மழைக்காலத்தில் பெட்டி இல்லாமலே உருஷி இறுகும், குளிர்காலத்தில் பெட்டிக்கு அடியில் சூடும் சேர்த்துக் கொடுப்பார்கள். நம் கடலோர ஊர்களில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே வரும் தொல்லை எதிர்மாறானது: ஈரமும் வெப்பமும் சேர்ந்து 85 சதவீதத்துக்கு மேல் போனால் மேற்பரப்பு அவசரமாக இறுகி, கறுத்து, சுருங்கும். அப்படியானால் துணியை எடுத்துவிட்டு மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

மூன்று துண்டாக உடைந்த கோப்பையை ஒட்டுவது எப்படி?

முதலில் பசை இல்லாமல் துண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். எந்த வரிசையில் சேர்த்தால் கடைசித் துண்டு உள்ளே நுழைகிறது என்று கண்டுபிடித்து, டேப் துண்டில் எண் எழுதி ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் பசை தடவியவர்களுக்குக் கடைசித் துண்டு வெளியே நின்றுவிடும். பிறகு உடைந்த விளிம்பின் கூர்முனையை மட்டும் வைர அரத்தால் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சரித்துவிடுங்கள். மெருகுக்கும் மெருகுக்கும் நடுவே சின்ன வாய்க்கால் கிடைக்கும். பின்னால் பட்டி அதில்தான் பிடித்து நிற்கும்.

பாத்திரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, உடைந்த முகங்களை டர்பன்டைனில் நனைத்த துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் ஒரு சொட்டு போதும், அந்த இடத்தில் உருஷி இறுகாது. அதன்மேல் டர்பன்டைன் கலந்த பச்சை உருஷியை மெல்லியதாகப் பூசி, மீதியைத் துடைத்து, ஒரு நாள் முரோவில் வையுங்கள். இது உடைந்த முகத்தின் நுண்துளைகளை அடைக்கும். இல்லாவிட்டால் பசையில் உள்ள உருஷியை மண் உறிஞ்சிக்கொள்ளும், மாவு மட்டும் மிஞ்சும்.

பசையின் பெயர் முகி-உருஷி. கால் தேக்கரண்டி மைதாவில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காதுமடல் பதத்துக்குப் பிசையுங்கள். அந்த உருண்டை எவ்வளவு இருக்கிறதோ அதே அளவு பச்சை உருஷியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கண்ணாடிப் பலகையில் தேயுங்கள். கரண்டியைத் தூக்கினால் இழை இழையாக நீள வேண்டும். அந்த இழை கோதுமையின் பசைப்புரதம். பிடிப்பு அங்கிருந்துதான் வருகிறது. அரிசி மாவில் இந்த இழை வராது. மாவு கூடினால் ஒட்டு பலவீனமாகும், பூஞ்சையும் பிடிக்கும். உருஷி கூடினால் உள்ளே இறுகவே இறுகாது.

இரண்டு முகங்களிலும் மெல்லியதாகத் தடவி, கால் மணி முதல் அரை மணி நேரம் விட்டு, பிசுபிசுப்பு ஏறியதும் சேர்த்து அழுத்துங்கள். எல்லாத் துண்டுகளையும் ஒரே அமர்வில் சேர்ப்பது நல்லது. ஒன்றை இறுகவிட்டு அடுத்ததைச் சேர்த்தால் முதல் ஒட்டில் இருந்த கால் மில்லிமீட்டர் பிசகு கடைசி ஒட்டில் பெரிய படியாக நிற்கும். கோட்டுக்குக் குறுக்கே டேப்பை இழுத்து ஒட்டி, நகத்தால் கோட்டைத் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது இடறினால் அங்கே படி இருக்கிறது. கண்ணை நம்ப வேண்டாம், நகம் பொய் சொல்லாது. சில மணி நேரம் வரை துண்டுகள் மெல்ல நகரும். அதனால் அன்றிரவும் மறுநாளும் ஒருமுறை பாருங்கள். பிதுங்கிய பசையை அப்போது துடைக்காதீர்கள்; இறுகியபின் கத்தியால் சீவினால் சுத்தமாக வரும்.

முரோவில் குறைந்தது இரண்டு வாரம். கோட்டுக்கு நடுவே காற்று மெதுவாகத்தான் போகும், தடித்த பீங்கானுக்கு மூன்று வாரம் ஆனாலும் வியப்பில்லை.

விரிசல் மட்டும் இருக்கிறது, துண்டு பிரியவில்லை. உடைத்துவிட்டு ஒட்டலாமா?

வேண்டாம். பாத்திரத்தைக் கை தாங்கும் அளவுக்கு மிதமாகச் சூடாக்கி, டர்பன்டைன் சரிபாதி கலந்த பச்சை உருஷியை விரிசல்மேல் பூசினால் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். சில நிமிடம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள், உள்ளே போவது நிற்கும் வரை. ஒரு வாரம் இறுகவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கசிந்தால் இன்னொரு சுற்று. மெருகில் மட்டும் வலைபோல் ஓடும் நுண்கோடுகள் விரிசல் அல்ல, அவை சுடும்போது விழுந்தவை. அவற்றுக்கு எதுவும் செய்ய வேண்டாம்.

விளிம்பில் சில்லு போயிருக்கிறது. ஒரு துண்டே காணோம் என்றால்?

இரண்டு மில்லிமீட்டருக்குள் ஆழம் என்றால் சபி என்ற பட்டி. நம் ஊர்ப் பெயின்டர் சுவருக்கு வைக்கும் பட்டியைப் போன்றதுதான், சுண்ணாம்புக்குப் பதில் கல்பொடி. தோனோகோவைத் தண்ணீரில் பற்பசைப் பதத்துக்குக் குழைத்து, அதில் பத்துப் பங்குக்கு ஏழு முதல் எட்டுப் பங்கு பச்சை உருஷி சேருங்கள். உருஷி குறைந்தால் தண்ணீரில் தேய்க்கும்போது உதிரும். கூடினால் இறுகாமல் தோல் சுருங்கும். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக வைத்து, இறுகியபின் அடுத்தது. அன்றன்றைக்குக் குழைத்துக்கொள்ளுங்கள், மீதி நிற்காது.

அதைவிட ஆழமான பள்ளத்துக்கு முகி-உருஷியில் மரத்தூள் பிசைந்த கொக்குசோ. பிளாஸ்டிக் தாளால் மூடி விரலால் வடிவம் கொடுக்கலாம். இதையும் ஒரே தடவையில் குவிக்காதீர்கள். பெரிய துண்டே இல்லையென்றால் வேறொரு பாத்திரத்தின் உடைந்த துண்டை அந்த வடிவத்துக்கு அரமிட்டுப் பொருத்துவது ஜப்பானியர் பழைய வழி. அதற்கு யோபிட்சுகி என்று பெயர். நேர்த்தியாகச் செய்தால் மொத்தப் பாத்திரமே புதிதாகிவிடும், ஆனால் முதல் முயற்சிக்கு ஏற்றதல்ல.

பட்டியைத் தேய்த்தபின் நேரே தங்கமா?

இடையில் சில படிகள் உண்டு. உப்புத்தாளைச் சிறுவிரல் நகம் அளவுக்கு வெட்டி, மடித்து, தண்ணீர் தொட்டு 400, 600, 800 என்ற வரிசையில் கோட்டின்மேல் மட்டும் தேயுங்கள். பெரிய தாளால் தேய்த்தால் பக்கத்து மெருகு மங்கும், அந்தக் கீறல் நிரந்தரம். பழைய பட்டறைகளில் இந்த வேலைக்கு மென்மையான மரக்கரி. தேய்த்தபின் பட்டிமேல் பச்சை உருஷி பூசித் துடைத்து ஊறவிடுங்கள். அதன்மேல் கருப்பு உருஷி, மிக மெல்லிய பூச்சு, இரண்டு முறை. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஓரிரு நாளும் 1000 எண் தாளும்.

தங்கத்தை எப்போது தூவ வேண்டும்?

வேலை முழுவதிலும் நுணுக்கமான இடம் இது. சிவப்பு உருஷியை மெல்லிய வடிதாளில் பிழிந்து வடிகட்டுங்கள், ஒரு தூசி இருந்தாலும் தங்கத்தில் பரு போல நிற்கும். கருப்புக் கோடு எவ்வளவு அகலமோ அவ்வளவே, அடித்தளம் ஊடே தெரியும் அளவுக்கு மெல்லியதாக வரையுங்கள்.

கெஷி என்பது மிக நுண்ணிய, மாவு போன்ற தங்கம். அதைத் தூவ உருஷி அரைப்பதமாக இறுகியிருக்க வேண்டும். முரோவில் அரை மணி நேரத்துக்குப் பிறகு அடிக்கடி எடுத்துப் பாருங்கள். வாய்க்காற்றை ஊதினால் கோட்டின்மேல் ஆவி படிந்து நீலச் சாயல் தோன்றி மறையும், அதுதான் நேரம். பட்டுப் பஞ்சில் தூளைத் தொட்டு, கோட்டின்மேல் அழுத்தாமல் உருட்டி உருட்டிப் பரப்புங்கள். சீக்கிரம் தூவினால் தங்கம் உருஷிக்குள் மூழ்கிப் பழுப்பாகும். தாமதித்தால் ஒட்டாமல் உதிரும். உதிர்ந்ததைத் தாளில் சேர்த்து எடுத்து வையுங்கள்.

மாருஃபுன் என்ற உருண்டைத் தூளுக்கு முறையே வேறு. எண் கூடக் கூடத் துகள் பெரிது. ஈரக் கோட்டின்மேல் உடனே தூவி, இறுகவிட்டு, மெல்லிய உருஷி பூசித் துடைத்துத் துகளைப் பூட்டி, மறுபடி இறுகியபின் தேய்த்து மெருகேற்ற வேண்டும். கடல்மீன் பல் பதித்த கோலோ அகேட் கல்லோ மெருகுக்கு. தங்கம் அதிகம் செலவாகும், ஆனால் தினமும் புழங்கும் கோப்பையில் கெஷியைவிட வெகுநாள் நிற்கும். முதல் வேலைக்குக் கெஷி எடுங்கள்.

வெள்ளி, பித்தளைத் தூள்?

வெள்ளி அழகு, ஆனால் கறுக்கும். கறுத்தபின்னும் பிடித்தவர்கள் உண்டு. தகரத் தூள் எளிதில் நிறம் மாறாது. உணவு படும் பாத்திரத்தில் பித்தளை வேண்டாம், புளிப்புப் பட்டால் பச்சை பூக்கும்.

உருஷி சுருங்கித் தோல் மடிப்பு விழுந்துவிட்டது. ஏன்?

தடிமனாகப் பூசியதால். மேல்தோல் முதலில் இறுகி விரியும், உள்ளே திரவமாகவே இருக்கும், அதனால் மடிப்பு. ஈரம் கூடினாலும் இதே விளைவு. பூச்சு தேங்கும் குழிகளில்தான் முதலில் வரும். மேலே பூசி மறைக்க முடியாது. நன்றாக இறுகவிட்டு, சமமாகத் தேய்த்து எடுத்து, மெல்லியதாக மறுபடி பூச வேண்டும். தூரிகையை எண்ணெயில் கழுவி வைப்பது வழக்கம். அந்த எண்ணெயை அடுத்த முறை டர்பன்டைனால் முழுக்க எடுக்காவிட்டால் கோடு இறுகவே இறுகாது. ‘காரணமே தெரியவில்லை’ என்று வரும் பாதிப் புகார்களுக்குக் காரணம் இந்த எண்ணெய்.

மொத்தம் எத்தனை நாள்?

சில்லு மட்டும் என்றால் மூன்று, நான்கு வாரம். உடைந்து ஒட்டியது என்றால் இரண்டு மாதம். கையில் எடுக்கும் நேரம் கொஞ்சம்தான், மீதி எல்லாம் காத்திருப்பு.

அதில் சாப்பிடலாமா?

முழுக்க இறுகிய உருஷி பாதுகாப்பானது. ஜப்பானில் சூப் கிண்ணங்களுக்கே அதைத்தான் பூசுகிறார்கள். தங்கம் போட்டபின் இன்னும் ஒரு மாதம் விடுங்கள், உருஷி வாடை போக வேண்டும். அதன்பின் சூடான தேநீர் ஊற்றலாம். மைக்ரோவேவ் கூடாது, உலோகத் தூளில் பொறி பறக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரம், கம்பி நார், இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவது எதுவும் கூடாது. ஜன்னலோரம் வெயிலில் காட்சிக்கு வைப்பதும் தவறு. புற ஊதாக் கதிர் உருஷியை மெல்ல அரிக்கும்.

ஒரே நாளில் முடியும் என்று விற்கும் கிட்?

அதில் இருப்பது பெரும்பாலும் எபாக்ஸிப் பசையும் பித்தளை அல்லது மைக்கா தூளும். பூச்சாடிக்கும் அலங்காரத் தட்டுக்கும் குறையில்லை, தோல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேறு வழியும் இல்லை. உணவுப் பாத்திரம் என்றால், உணவுக்கு ஏற்றது என்று உற்பத்தியாளர் எழுத்தில் சொல்லாத எபாக்ஸியை நம்பாதீர்கள். ஜப்பானில் முந்திரி ஓட்டெண்ணெயிலிருந்து செய்யும், உருஷி போலவே தோன்றும் பூச்சும் உண்டு, அதுவும் தனிப்பொருள்.

ஜப்பானை ஆண்ட ஷோகன் யோஷிமசாவின் கிண்ணத்தில்தான் கின்ட்சுகி பிறந்ததா?

கதை இது: அஷிகாகா யோஷிமசா (1436–1490) தம்முடைய சீனக் கிண்ணம் விரிசல் விட்டதும் அதே போல் வேறொன்று கேட்டுச் சீனாவுக்கு அனுப்பினார், அப்படி இனி கிடைக்காது என்று உலோகக் கொக்கி அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். 1727ல் எழுதப்பட்ட குறிப்பில் இந்தக் கதை இருக்கிறது. அந்தக் கிண்ணம் இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ‘பக்கோஹன்’ என்ற பெயரில் இருக்கிறது, கொக்கிகளோடு, தங்கக் கோடு எதுவும் இல்லாமல். அந்தக் கொக்கி பிடிக்காமல் ஜப்பானியர் தங்க முறையைக் கண்டுபிடித்தார்கள் என்பது பின்னால் ஒட்டவைத்த வால். உருஷியால் பானையை ஒட்டுவது ஜப்பானில் பல ஆயிரம் வருடம் முந்தைய ஜோமோன் காலத்திலேயே உண்டு. தங்கம் சேர்ந்த வேலையைப் பார்க்க வேண்டுமானால் ஜப்பானியக் கலைஞர் ஹோனாமி கோஎட்சு (1558–1637) செய்த ‘செப்போ’ என்ற செந்நிறத் தேநீர்க் கிண்ணத்தின் படத்தைத் தேடுங்கள். சூளையில் பிளந்த இடத்தில் தங்கம் ஓடுகிறது.

கோணலாக ஒட்டிவிட்டது. பிரிக்க முடியுமா?

இறுகுவதற்கு முன் என்றால் டர்பன்டைனில் துடைத்துத் தொடக்கத்திலிருந்து செய்யலாம். இறுகிய முகி-உருஷியைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றி, சிறு தீயில் வேகவிட்டால் பசை இளகும். குளிர்ந்த பாத்திரத்தைக் கொதிநீரில் போட்டால் புது விரிசல் விழும் என்பதால் இரண்டும் சேர்ந்தே சூடாக வேண்டும். இளகியதும் கையுறையோடு ஆட்டிப் பிரித்து, பழைய பசையைக் கத்தியாலும் அரத்தாலும் முழுக்கச் சுரண்டுங்கள். துளி மிச்சம் இருந்தாலும் துண்டுகள் மறுபடி சரியாக உட்காராது. தங்கம் போட்ட பிறகு கோணல் கண்ணில் பட்டால், அது அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால், அப்படியே விட்டுவிடுங்கள். பிரிப்பதில் மெருகு உதிரும் அபாயம் அந்தக் கோணலைவிடப் பெரிது.